மணமுறிவு: காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்



ஒரு ஞாயிற்றுக்கிழமை, புக்கிட் ரோத்தானில் வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். பிள்ளையை அழைத்துப் போக வந்த ஓர் அக்கா மட்டும் போகாமல் நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. "தம்பி, நீங்க லோயர் ஆபீஸ்லதானே வேலை செய்றீங்க? இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

உள்ளே ஒரே ஒரு தாள். மலாயில் தட்டச்சு செய்து, ஸ்டாம்பு ஒட்டி, சத்தியப் பிரமாண ஆணையரின் முத்திரை குத்தியிருந்தது. 'இன்று முதல் நாங்கள் இருவரும் கணவன் மனைவி அல்ல. ஒருவர் வாழ்க்கையில் மற்றவர் தலையிட மாட்டோம்' என்பதுதான் அதன் சாரம். கீழே இரண்டு கையெழுத்து, சாட்சியாகக் கோயில் பெரியவர்கள் இரண்டு பேர். தேதி பதினோரு வருஷத்துக்கு முந்தியது.

"எனக்கு டைவோர்ஸ் ஆயிடுச்சு தம்பி. இதைக் காட்டி வீட்டு லோன்ல இருந்து அவரு பேரை எடுக்கணும். பேங்க்ல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க."

அந்த அக்காவிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது இதுதான்: "அக்கா, சட்டப்படி நீங்க இன்னைக்கும் அவரோட மனைவிதான்."

அவர் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவரிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான் இந்தப் பாடம். நான் வழக்கறிஞன் இல்லை. ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பல வருஷமாகக் கோப்புத் தூக்குகிற கிராணி. தோட்டத்தில் பிறந்தவன். அதனால் நம் ஆட்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் சொந்த வழக்கென்று வந்தால் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும். அவரிடம் போவதற்கு முன் எதைத் தெரிந்துகொண்டு போகலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கட்டியது கோயிலில், அவிழ்ப்பது எங்கே?

இந்த நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கும் மணவிலக்குக்கும் ஒரே சட்டம்தான். 1976ஆம் ஆண்டின் திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் அது. ஆக்ட் 164 என்பார்கள். நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதி. அந்தத் தேதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் நம் தாத்தா பாட்டி காலத்தில் அவரவர் வழக்கப்படி கல்யாணம். ஓர் ஆண் இரண்டு பேரைக் கட்டினாலும் கேட்க ஆளில்லை. இந்து முறைப்படி கட்டியவர்களுக்குக் கோர்ட்டில் மணவிலக்குக் கேட்கிற வழியும் பெரும்பாலும் இல்லை. தோட்டத்துப் பெரியவர்கள் கூடி, பாத்திரம் பண்டத்தைப் பிரித்து, ஒரு தாளில் எழுதி வாங்கி அனுப்பிவிடுவார்கள். அக்கா கையில் இருந்த தாள் அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான். வேறு வழி இல்லாத காலத்தில் பெரியவர்கள் செய்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது வழி இருந்தும் அதையே செய்கிறோமே, அதுதான் வருத்தம்.

1982க்குப் பிறகு ஒருவனுக்கு ஒருத்திதான். பதிவும் கட்டாயம். பதிவான திருமணத்தை முறிக்கும் அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. கோயில் தலைவரோ, மண்டோரோ, சத்தியப் பிரமாண ஆணையரோ அதைச் செய்ய முடியாது. ஆணையர் குத்துகிற முத்திரை 'இந்த ஆள் என் முன்னால் கையெழுத்துப் போட்டார்' என்பதற்கு மட்டும்தான் சாட்சி. உள்ளே எழுதியிருப்பது செல்லும் என்று அவர் சொல்லவில்லை.

அந்தத் தாளை நம்பி மறுபடியும் ஒருவர் தாலி கட்டினால் என்ன ஆகும்? முதல் திருமணம் உயிரோடு இருக்கும்போது இரண்டாவது செல்லாது. அதோடு நிற்காது. அது தண்டனைச் சட்டத்தின் 494ஆம் பிரிவில் வரும் குற்றம். இரண்டாவதாக வந்த பெண்ணுக்கு மனைவி என்கிற உரிமை கிடைக்காது. அவர் பாவம், எதுவும் தெரியாமல் வந்திருப்பார்.

அக்காவின் கணவர் வேறு ஒரு பெண்ணோடு பத்து வருஷமாக ரவாங்கில் குடும்பம் நடத்துகிறார். அங்கே இரண்டு பிள்ளைகள். நாளைக்கே அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், சொக்சோவில் விதவை ஓய்வூதியம் கேட்டுப் போகும்போது திருமணச் சான்றிதழ் யார் கையில் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். ஒரு தாளால் இரண்டு வீட்டுக்கும் கஷ்டம்.

பதிவே செய்யாதவர்கள்

இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் (பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் நம்மில் பாதிப் பேருக்குப் புரியும்) கோயிலில் தாலி கட்டிச் சாப்பாடு போட்டதோடு கல்யாணம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இன்றும் உண்டு. "அப்புறம் பதியலாம்" என்பார்கள். அந்த 'அப்புறம்' வருவதற்குள் சண்டை வந்துவிடும்.

பதியாதவர்கள் ஆக்ட் 164இன் கீழ் மணவிலக்கு, சொத்துப் பங்கு, மனைவிக்கான ஜீவனாம்சம் என்று கேட்கப் போனால் முதல் கேள்வியே சான்றிதழ் எங்கே என்பதுதான். அங்கேயே பலருக்குக் கதவு மூடிவிடும். ஆனால் எல்லாக் கதவும் மூடாது. இதைப் பலர் அறிவதில்லை.

முதலாவது, பிள்ளை. 1950ஆம் ஆண்டின் மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டம், பெற்றோருக்குச் சட்டப்படியான திருமணம் இல்லாவிட்டாலும் தகப்பன் அந்தப் பிள்ளைக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்று உத்தரவிடக் கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. தகப்பன் அவர்தான் என்பதை நிரூபிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது, அடி உதை. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 'துணை' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்தால் நம் ஆட்களைப் பார்த்தே எழுதியது போல இருக்கும். சமய முறைப்படியோ வழக்கப்படியோ திருமணச் சடங்கு நடந்திருந்தால், அது பதிவாகாவிட்டாலும், அவரும் துணைதான். ஆகவே "எங்களுக்குத்தான் ரெஜிஸ்டர் இல்லையே, போலிஸ் எப்படி எடுப்பாங்க" என்று எந்தத் தங்கையும் அடியை வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

பதியாத திருமணத்தில் பெரிய அடி விழுவது பிள்ளைக்குத்தான். தாய் மலேசியர் என்றால் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு. தாய் வெளிநாட்டவர், தகப்பன் மலேசியர், திருமணம் பதிவாகவில்லை என்றால் பிள்ளை தாயின் வழியில்தான் பார்க்கப்படும். தகப்பன் நீல ஐசி வைத்திருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லாமல் போகும். தமிழ்ப்பள்ளியில் சேர்க்கும்போதுதான் பல பெற்றோருக்கு இது தெரிய வருகிறது. சேர்ந்து வாழ்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நாளைக்கே தேசியப் பதிவுத் துறைக்குப் போங்கள். விண்ணப்பம் கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு பதிவு. 1982க்கு முன் வழக்கப்படி தாலி கட்டிய பெரியவர்களுக்குக் கவலை இல்லை. அந்தத் திருமணங்களைச் சட்டம் பதிவானதாகவே கருதுகிறது. வேண்டுமென்றால் சான்றிதழுக்காகப் பதிந்துகொள்ளலாம்.

இரண்டு வழி

பதிவு இருக்கிறது, இனிச் சேர்ந்து வாழ முடியாது என்றாகிவிட்டது. அடுத்து?

இருவரும் ஒத்துப்போனால் கூட்டு மனு. 52ஆம் பிரிவு. திருமணமாகி இரண்டு வருஷம் முடிந்திருக்க வேண்டும். யார் தப்பு என்று கோர்ட் கேட்காது. மனமொத்து வந்திருக்கிறீர்களா, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சரியான ஏற்பாடு செய்திருக்கிறீர்களா என்று மட்டும் பார்க்கும். செலவும் குறைவு, மனக்காயமும் குறைவு. எங்கள் அலுவலகத்துக்கு வருகிற இளம் தம்பதிகளிடம் எங்கள் வழக்கறிஞர் முதலில் இதைத்தான் கேட்பார்: "ரெண்டு பேரும் ஒரு மேசையில உட்கார்ந்து பேச முடியுமா?"

ஆனால் ஓர் எச்சரிக்கை. கூட்டு மனுவில் எழுதியதுதான் பிறகு உத்தரவாக வரும். "சீக்கிரம் முடிஞ்சா போதும்" என்று எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வெள்ளி கூடப் பிள்ளைக்குக் கேட்காமல் கையெழுத்துப் போட்ட ஒரு தங்கை, பிள்ளை படிவம் ஒன்றுக்குப் போகும்போது வந்து அழுதது. பிள்ளையின் பராமரிப்பைப் பிறகும் கேட்கலாம், மாற்றச் சொல்லலாம். சட்டத்தில் இடம் உண்டு. சொத்துப் பங்கை விட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பக் கேட்பது மிகவும் கஷ்டம்.

ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் தனி மனு. இங்கே சட்டம் கேட்பது ஒன்றே ஒன்று: திருமணம் சரிசெய்ய முடியாத அளவுக்கு உடைந்துவிட்டதா? அதைக் காட்ட நான்கு வகையான காரணங்களைக் கோர்ட் பார்க்கும். துணைவர் பிறரோடு உறவு வைத்து, அவரோடு வாழ்வது சகிக்க முடியாமல் போனது. சேர்ந்து வாழ எதிர்பார்ப்பது நியாயமில்லை என்னும்படியான நடத்தை. குறைந்தது இரண்டு வருஷம் தொடர்ந்து கைவிட்டுப் போனது. குறைந்தது இரண்டு வருஷம் தொடர்ந்து தனித்தனியாக வாழ்வது. அக்காவுக்குப் பதினோரு வருஷம். அந்தச் செல்லாத தாளுக்கு ஒரே ஒரு பயன் உண்டு. எந்தத் தேதியிலிருந்து பிரிந்து வாழ்கிறார்கள் என்பதற்கு அது ஓர் ஆதாரம். "கிழிச்சுப் போட்டுடவா தம்பி?" என்று கேட்டார். "வேண்டாம்க்கா, பத்திரமா வைங்க" என்றேன்.

தனி மனுவுக்கு முன் ஒரு படி இருக்கிறது. சமரசக் குழுவிடம் போக வேண்டும். 106ஆம் பிரிவு. தேசியப் பதிவுத் துறையில் திருமணத் தீர்ப்பாயம் இருக்கிறது. பெரும்பாலோர் அங்குதான் போவார்கள். வழக்கறிஞர் அங்கே வந்து பேச முடியாது. நீங்கள்தான் பேச வேண்டும். ஆறு மாதத்துக்குள் அவர்கள் சேர்த்து வைக்கப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் முடியவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். அது இல்லாமல் கோர்ட் மனுவை எடுக்காது. கணவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது, வெளிநாட்டில் இருக்கிறார், கூப்பிட்டும் வேண்டுமென்றே வரவில்லை, நீண்ட சிறைத் தண்டனையில் இருக்கிறார் என்பது போன்ற நிலைகளில் விலக்கு உண்டு. கூட்டு மனுவுக்கு இந்தப் படியே கிடையாது.

தீர்ப்பாயத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். அங்கே போய் இருபது வருஷக் கதையைக் கொட்டாதீர்கள். கொட்ட வேண்டும் என்றுதான் இருக்கும், புரிகிறது. ஆனால் அவர்கள் கேட்பது 'சேர்ந்து வாழ வழி இருக்கிறதா?' என்பதை. உண்மையிலேயே வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள். அங்கிருந்து சேர்ந்து திரும்பிப் போனவர்களும் உண்டு.

பிறகு ஷா ஆலாம் உயர்நீதிமன்றம். நம் பக்கத்திலிருந்து போய் வந்தாலே ஒரு நாள் சம்பளம் போய்விடும். பிள்ளையை யார் பார்ப்பது என்கிற கவலை வேறு. அதற்கும் சேர்த்து ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தேதியன்று போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கோர்ட் மணவிலக்குக் கொடுத்ததும் அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடாது. முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பு. 'நிசி' என்பார்கள். பொதுவாக மூன்று மாதம் கழித்துத்தான் அதை இறுதித் தீர்ப்பாக மாற்றலாம். அந்தச் சான்றிதழ் கையில் வரும்வரை நீங்கள் மணமானவர்தான். மறுமணத்துக்கு நாள் குறிக்கக் கூடாது. ஒரு தம்பி நிசி கிடைத்த அடுத்த மாதமே மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தான். பணம் திரும்பக் கிடைக்கவில்லை. இறுதிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போய்த் தேசியப் பதிவுத் துறையிலும் நிலையை மாற்றிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விடுகிறவர்கள் நிறைய.

வீடு, நகை, சேமநிதி

"நான் வேலைக்கே போகலையே, எனக்கு எப்படிப் பங்கு வரும்?" என்று அம்மாமார்கள் கேட்பார்கள். இதற்கு நல்ல பதில் இருக்கிறது. 76ஆம் பிரிவு 2017ல் திருத்தப்பட்டு, 2018 டிசம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. திருமண காலத்தில் சேர்த்த சொத்தைப் பிரிக்கும்போது, பணம் போட்டவர் யார் என்பதோடு, வீட்டையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டவரின் பங்கையும் கோர்ட் கணக்கில் எடுக்க வேண்டும். எத்தனை வருஷம் வாழ்ந்தார்கள், கடன் என்ன, பிள்ளைகளுக்கு என்ன தேவை என்பதையும் பார்க்கும். சமமாகப் பிரிக்கும் பக்கம் சாய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நேர் பாதி என்று உத்தரவாதம் இல்லை. ஆனாலும் சோறு ஆக்கியதும் பிள்ளை வளர்த்ததும் கணக்கில் வருகிறது.

தோட்ட லயத்தில் இருப்பவர்களின் நிலை வேறு. வீடு கம்பெனியுடையது. கணவர் பெயரில் வேலை, அதனால் வீடு. பிரிவு என்று வந்தால் அந்த வீட்டில் பிரிக்க ஒன்றும் இல்லை. மனைவிக்கு இருக்க இடமே இல்லாமல் போகலாம். அதனால் லயத்தை விட்டு வெளியே தாமானில் வாங்கிய மலிவு விலை வீடு, வண்டி, நகை, சேமநிதி, கூட்டுப் பணம் என்று எதெது இருக்கிறதோ எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒப்பந்தங்களின் நகல் எடுங்கள். சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து எடுத்து வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தால் அந்த அறிக்கையையும் எடுத்து வையுங்கள்.

கடனும் சொத்து மாதிரிதான், கூடவே வரும். கணவருக்காகக் கையெழுத்துப் போட்ட ஜாமீன், உங்கள் பெயரில் அவர் ஓட்டுகிற மோட்டார், இரண்டு பேர் பெயரிலும் உள்ள வீட்டுக் கடன். மணவிலக்கு உத்தரவு பேங்கைக் கட்டுப்படுத்தாது. யார் கட்டுவது என்று கோர்ட் உங்களுக்குள் சொல்லும். பேங்க் தன் ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் பிடிக்கும். அக்காவின் கதையில் பேங்க் செய்தது தப்பில்லை.

பிள்ளைகள்

யாரிடம் பிள்ளை என்பதில் பெற்றோரின் வீம்பை விடப் பிள்ளையின் நலனே பெரிது. ஏழு வயதுக்குக் கீழே என்றால் தாயோடு இருப்பதே நல்லது என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அதை மறுத்து நிரூபிக்கவும் முடியும். விவரம் சொல்லத் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார்கள். இருக்கிற இடத்திலிருந்து பிள்ளையைப் பிடுங்கி நடுவது நல்லதில்லை என்பதையும் கோர்ட் பார்க்கும். அதனால்தான் சொல்கிறேன், கோபத்தில் பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு "அப்புறம் கூட்டிக்கிறேன்" என்று போய்விடாதீர்கள். அதேபோல, பிள்ளையைக் காட்டாமல் ஒளித்து வைத்து அப்பாவைப் பழி வாங்குவதும் வேண்டாம். நீதிபதி அதையும் பார்ப்பார். பார்க்காவிட்டாலும் பிள்ளை பார்க்கும்.

பராமரிப்புப் பணம் பிள்ளைக்கு 18 வயது வரை. 2017 திருத்தத்துக்குப் பின் மேற்படிப்போ பயிற்சியோ தொடர்ந்தால் அது முடியும்வரை. இது நம் பிள்ளைகளுக்கு மிகவும் பெரிய விஷயம். எஸ்பிஎம் முடிந்ததும் படிப்பை நிறுத்தும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தகப்பன் பணம் பதினெட்டில் நின்று போனது காரணம் என்று யோசித்திருக்கிறேன்.

மணவிலக்கு இன்னும் வேண்டாம், ஆனால் அவர் செலவுக்கே கொடுப்பதில்லை என்கிறவர்கள் உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. முன்பு சொன்ன 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே கேட்கலாம். அது கோலா சிலாங்கூரிலேயே இருக்கிறது. உத்தரவு வந்தும் கட்டவில்லை என்றால், சம்பளத்திலிருந்தே முதலாளி பிடித்துக் கட்டும்படி கேட்க 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ மாதச் சம்பளக்காரர் என்றால் இது நன்றாகவே வேலை செய்யும். லாரி ஓட்டி நாள் கூலி வாங்குகிறவர் என்றால் கஷ்டம்தான், மறைக்கவில்லை. பாக்கியை வருஷக்கணக்கில் சேர விடாதீர்கள். மூன்று வருஷத்துக்கு முந்திய ஜீவனாம்சப் பாக்கியைக் கேட்க முடியாமல் போகும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாதம், தேதி, எவ்வளவு வந்தது என்று எழுதி வையுங்கள். கையில் வாங்காமல் பேங்க் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

அடி விழுகிற வீட்டில்

இங்கே சமரசம் பேசுகிற பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். "புருஷன்தானே, ஒரு அடி அடிச்சா என்ன" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பி வைத்த ஒரு பெண்ணை அடுத்த வாரம் மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பெரியவர்கள் பேசும்போது தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

அடி விழுந்தால் முதலில் பிள்ளையோடு பாதுகாப்பான இடம், பிறகு மருத்துவமனை. நம் பக்கத்துக்குத் தஞ்சோங் காராங் மருத்துவமனை. யார் அடித்தது என்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "படியில விழுந்துட்டேன்" என்று சொன்னால் அதுதான் குறிப்பில் ஏறும். பிறகு போலிஸ் ரிப்போர்ட். விசாரணை நடக்கும் காலத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவை மாஜிஸ்திரேட் கொடுப்பார். உடனடி ஆபத்து என்றால் சமூகநலத் துறை அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். அதற்குப் போலிஸ் ரிப்போர்ட் கூடத் தேவையில்லை. 15999 என்கிற தாலியான் காசே எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம். வீட்டை விட்டு வெளியேறினால் சொத்து உரிமை போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். போகாது. ஐசி, பிறப்புப் பத்திரங்கள், திருமணச் சான்றிதழ் மட்டும் முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் உயிரோடு போங்கள், நகல் பிறகு எடுக்கலாம்.

ஒருவர் மதம் மாறினால்

இதைக் கேட்காத வகுப்பே இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பதிவான திருமணத்தில் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினாலும், அந்தத் திருமணத்தை முறிக்கிற இடம் சிவில் கோர்ட்தான். 51ஆம் பிரிவு. சொத்தும் பிள்ளைகளும் அங்கேதான் பேசப்படும். பிள்ளைகளை ஒருவர் மட்டும் மதம் மாற்றுவது பற்றி, ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தியின் வழக்கில் 2018 ஜனவரி 29ல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: தாய், தகப்பன் இருவரின் ஒப்புதலும் வேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் அந்தத் தாய் தன் கடைசிப் பிள்ளைக்காக எவ்வளவு அலைந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். இப்படி ஒரு நிலை வந்தால் ஒரு நாள் கூடத் தாமதிக்காமல் வழக்கறிஞரிடம் போங்கள்.

பணம் இல்லாவிட்டால்

ஷா ஆலாமில் அரசின் சட்ட உதவித் துறை இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு மணவிலக்கு, பராமரிப்பு வழக்குகளை எடுத்து நடத்துவார்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் உண்டு. சம்பளச் சீட்டு, ஐசி நகல், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எடுத்துப் போங்கள். வரிசை நீளம்தான், பொறுமை வேண்டும். பசார் மாலாமில் அறிமுகமான 'ஏஜண்ட்' யாராவது "ஆயிரம் வெள்ளி குடு, ரெண்டு வாரத்துல டைவோர்ஸ் எடுத்துத் தர்றேன்" என்றால் காதைப் பொத்திக்கொண்டு வந்துவிடுங்கள். அக்காவின் தாளும் அப்படி ஒருவர் எழுதிக் கொடுத்ததுதான். முந்நூறு வெள்ளி வாங்கினாராம்.

சென்ற வகுப்பில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "ஏம்பா, அக்கினி சாட்சியா கட்டுனதை அவுக்கறது எப்படின்னு கோயில்லயே பாடம் எடுக்கிறியே, இது தர்மமா?" நியாயமான கேள்விதான். நான் சொன்னது இது. பராசர ஸ்மிருதியில், கணவன் காணாமல் போனது முதலான ஐந்து ஆபத்துகளில் பெண் மறுமணம் செய்யலாம் என்று இருக்கிறது. வங்காளத்து வித்யாசாகர் அதைக் காட்டித்தான் விதவை மறுமணத்துக்கு வாதாடினார். 1856ல் சட்டமும் வந்தது. ஆபத்துக் காலத்துக்கு வழி வேண்டும் என்று நம் முன்னோர் யோசித்திருக்கிறார்கள். பெரியவர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. போகும்போது, "என் பேத்திக்கு ஒரு விஷயம் கேட்கணும், அடுத்த வாரம் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

அக்கா இப்போது தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்திருக்கிறார். கணவரிடமும் ஆள் வழியாகப் பேசிப் பார்த்தோம். அவருக்கும் இது முடிந்தால் நல்லதுதான். அந்த ரவாங் பெண்ணைப் பதிய வேண்டுமே. கூட்டு மனுவுக்கு ஒத்துக்கொள்வார் போலத் தெரிகிறது. ஒத்துக்கொண்டால் தீர்ப்பாயத்து வேலையே தேவைப்படாது. அக்காவிடம் இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறேன்: சேமநிதியிலும் காப்புறுதியிலும் வாரிசாக யார் பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள், மணவிலக்கு ஆனாலும் அந்தப் பெயர் தானாக மாறாது என்று. அடுத்த நாளே போய்ப் பார்த்திருக்கிறார். பதினாறு வருஷத்துக்கு முன் போட்ட அவர் பெயர்தான் இருந்ததாம். பிள்ளைகள் பெயரை எழுதிவிட்டு வந்தார்.